அரைப்பேர் போடாதீர்கள்: ஆய்வுத் திட்டத்தில் யார் என்ன செய்தார் என்று பதிவு செய்யும் முறை

மலையகத் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஆளின் பெயர் மட்டுமல்ல, அன்றைய நாட்சம்பளமும்தான். சொன்ன கிலோ கொழுந்து நிறுத்துக் கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில், அதாவது தோட்டத்தின் நாள்வேலைப் பதிவேட்டில், அன்றைக்கு விழாத பேரை மாதக் கடைசியில் கேட்டு வாங்குவது எவ்வளவு பாடு என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆய்வுக் கட்டுரையிலும் இதே கதைதான். ஒரு வருடம் ஓடையில் இறங்கித் தண்ணீர் அள்ளியவர், தினமும் காலை 8.30க்கு மழைமானியை வாசித்தவர், வினாக்கொத்தைத் தமிழில் ஆக்கிக் கொடுத்தவர் என்று எத்தனை பேர் இருந்தாலும், கட்டுரையை அனுப்பும் இரவில் யார் ஞாபகத்துக்கு வருகிறார்களோ அவர்களுக்கே பேர் விழுகிறது.

ஆகவே வேலை நடந்த நாளிலேயே பேரைப் போட்டுவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் கீழே வருவது. பட்டப்படிப்பு ஆய்வு செய்யும் மாணவர்கள், அவர்களை மேற்பார்க்கும் விரிவுரையாளர்கள், தோட்டப் பாடசாலைகளோடு சேர்ந்து ஆய்வு நடத்தும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா மாவட்டத்தில் கொத்மலை ஓயாவுக்கு இறங்கும் சிற்றோடைகளில் நீரின் தரம். 6 இடங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம், மொத்தம் 156 மாதிரிகள். விரிவுரையாளர் ஒருவர், முதுமாணி மாணவி ஒருவர், ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர், புள்ளிவிபரம் பார்ப்பவர், மாதிரி எடுக்கும் தோட்டத்து இளைஞர்கள் இருவர், மழைப்பதிவேட்டைத் தந்த தோட்ட அலுவலக எழுதுவினைஞர், சிங்களம் தமிழ் இரண்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். எட்டுப் பேர்.

இரண்டு கேள்விகள்

"யார் என்ன செய்தார்?" என்பது பதிவு. "யார் ஆசிரியர்?" என்பது தீர்மானம். குழுக்களில் வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

முதல் கேள்விக்குப் பயன்படுவது 'கிரெடிட்' எனும் பங்களிப்பு வகைப்பாடு. 2012இல் வெல்கம் டிரஸ்டும் ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் நடத்திய பட்டறையில் தொடங்கிய வேலை இது. 2014இல் 14 பங்குகள் கொண்ட பட்டியலாகப் பொதுவெளிக்கு வந்தது, 2022இல் அன்சி/நைசோ இசட்39.104 என்ற அமெரிக்கத் தர நியமமாகியது. இந்தப் பட்டியல் யாரையும் ஆசிரியர் ஆக்காது, ஆசிரியர் நிலையிலிருந்து நீக்கவும் செய்யாது. செய்த வேலைக்குப் பெயர் வைப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பல சஞ்சிகைகள் மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பின்பற்றுகின்றன. மருத்துவத்துக்கு வெளியேயும் அவை செல்லுபடியாகின்றன. அவற்றை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

பெயர் வரிசை மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயிற்று. அந்தப் பட்டியலிலிருந்து யார் என்ன செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. நமது எட்டுப் பேர் பட்டியலும் அதே ஊமைதான், கொஞ்சம் சின்ன ஊமை.

முதற்படி: முதல் மாதிரிக்கு முன் ஒரு கூட்டம்

ஒரு மணித்தியாலம் போதும். எல்லோரும் இருக்க வேண்டும், களத்தில் வேலை செய்யப்போகிறவர்கள் முக்கியமாக. தோட்டத்து இளைஞர்களை "பிறகு சொல்லிக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டு வளாகத்தில் கூட்டம் போட்டால், அந்தக் கூட்டம் நடந்ததற்கும் நடக்காததற்கும் வித்தியாசமில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே வையுங்கள்.

கூட்ட முடிவில் ஒரு பக்க உடன்பாடு எழுதப்பட வேண்டும். யார் எந்த வேலையைச் செய்யப்போகிறார் என்பது சாதாரண வார்த்தையில் அதில் வரட்டும். என்ன செய்தால் ஆசிரியராகும் வாய்ப்பு உண்டு, ஆசிரியர் வரிசை எந்த விதியில் அமையும், இடையில் விலகினால் அதுவரை செய்ததற்கு என்ன கணக்கு, பணக்கொடுப்பனவு எவ்வளவு என்பவையும் வேண்டும். பணத்தையும் பெயரையும் ஒரே தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு: "அவருக்குத்தான் நாட்கூலி கொடுத்தோமே" என்பது பெயரை விடுவதற்குச் சொல்லப்படும் முதற்காரணம். விரிவுரையாளரும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் ஆய்வு செய்கிறார்.

தாள் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். ஆங்கிலப் பிரதி தேவையானால் மூன்றாவதாக வரட்டும். ஒவ்வொருவரும் கையொப்பமிட்டு ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆள் மாறும்போதெல்லாமும் இதைத் திருத்தி மறுபடி கையொப்பம் வாங்குங்கள். முதல் நாள் எழுதியது கடைசி நாள்வரை அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாம் படி: ஆள் பதிவேடு

இதில்தான் மலையகத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பாடசாலை விடுகைப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. இலட்சுமி என்ற ஒரு பெயர் ஆங்கில எழுத்தில் 'லெட்சுமி' ஆகவும் 'லக்ஷ்மி' ஆகவும் 'லச்சுமி' ஆகவும் பதியப்பட்டிருக்கும். கட்டுரையில் ஒன்று, தரவுத் தொகுப்பில் வேறொன்று என்று போனால், தேடுகிற இயந்திரத்துக்கு அவர் இரண்டு ஆட்கள்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்: ஆள் எண் (01, 02...), தமிழில் முழுப்பெயர், கட்டுரையில் வரவேண்டிய ஆங்கில எழுத்துக்கூட்டல், முதலெழுத்தின் விரிவு, ஓர்கிட் எண் (ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க எண்) இருந்தால் அது, நிறுவனம் அல்லது தோட்டமும் டிவிஷனும் (தோட்டப் பிரிவு), இரண்டாவது தொடர்பாக உறவினர் எண், சேர்ந்த திகதி, விலகிய திகதி, பெயரை வெளியிடச் சம்மதமா இல்லையா. எழுத்துக்கூட்டலை அந்த ஆளே தன் கையால் எழுதித் தரட்டும். நாம் கேட்டு எழுதினால் நம் காதுக்குப்பட்டபடிதான் வரும்.

அடுத்தது, எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்பது. 'க. மகேஸ்வரி' என்பதில் 'க' தகப்பன் பெயர், கந்தசாமி. சஞ்சிகையின் படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி கேட்கும். மேற்கத்தேய வழக்கப்படி தகப்பன் பெயரைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போட்டால், மகேஸ்வரியின் கட்டுரையை உலகம் கந்தசாமியின் கட்டுரையாக மேற்கோள் காட்டும். கந்தசாமி பாவம், தண்ணீர்ப் போத்தலைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். மகேஸ்வரி என்பதைக் குடும்பப்பெயர்ப் பெட்டியிலும், 'க' என்ற முதலெழுத்தை முதற்பெயர்ப் பெட்டியிலும் போடுங்கள். தகப்பன் பெயரிலேயே அறியப்பட விரும்புகிறவர்களும் உண்டு. அது அவரவர் முடிவு, ஆனால் முடிவெடுத்த பிறகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

முதலெழுத்தே போடாமல் ஒற்றைப் பெயரில் வருகிறவருக்கு இன்னொரு பொறி இருக்கிறது. ஓர்கிட் பதிவில் முதற்பெயர் கட்டாயம், குடும்பப்பெயர் விருப்பம். கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. எண் (நிலையான இணைய அடையாள எண்) பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பிலோ குடும்பப்பெயர் கட்டாயம், முதற்பெயர் விருப்பம். ஒரே ஒற்றைப் பெயர் ஓரிடத்தில் முதற்பெயராகவும் மற்ற இடத்தில் குடும்பப்பெயராகவும் போய் உட்கார வேண்டிவரும். வெற்றுப் பெட்டியை நிரப்புவதற்காகப் புள்ளி, 'திரு', அல்லது அதே பெயரை இரண்டு தடவை போடுவது வழக்கம். அவை அப்படியே அச்சாகும். செய்யவே வேண்டாம். ஓர்கிட் பக்கத்தில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்துவிட்டால் இணைப்பு அறுபடாது.

ஓர்கிட் எண் இலவசம், கைத்தொலைபேசியிலேயே சில நிமிடத்தில் எடுக்கலாம். பதியும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் சேருங்கள். பட்டம் முடிந்து பல்கலைக்கழக முகவரி மூடப்பட்டால் கணக்கைத் திறக்க வழியிருக்காது, ஆள் புதிதாக இன்னொரு எண் எடுப்பார், பெயர் மறுபடி இரண்டாகும்.

16 இலக்கத்தைக் கையால் எழுதும்போது பிழை வருவது சகஜம். கடைசி இலக்கம் அதைப் பிடிக்கத்தான் இருக்கிறது. பூச்சியத்தில் தொடங்கி, முதல் 15 இலக்கங்களையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டி, கூட்டும் ஒவ்வொரு தடவையும் விடையை இரட்டியுங்கள். இறுதித் தொகையை 11ஆல் வகுத்து மீதியை 12இலிருந்து கழியுங்கள். வருவதுதான் கடைசி இலக்கம். 11 வந்தால் 0, 12 வந்தால் 1, 10 வந்தால் எக்ஸ். ஓர்கிட் அமைப்பு தன் விளக்கங்களில் காட்டும் கற்பனைப் பேராசிரியரின் எண் 0000-0002-1825-0097. கணக்குப் போட்டால் 1314 வரும், 11ஆல் வகுக்க மீதி 5, 12இல் 5 போனால் 7. சரி. எக்செல் தாளில் ஒருமுறை சூத்திரமாக எழுதிவிட்டால் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் படி: செக்ரோல்

வேலைப் பதிவேடுதான் முழு முறைக்கும் முதுகெலும்பு. களத்தில் கணினி வேண்டாம். மேல் டிவிஷன்களில் சிக்னல் கிடைக்காது, மழையில் தொலைபேசித் திரை விரலுக்குக் கேட்காது. ஒரு சி.ஆர். கொப்பி, எச்.பி. பென்சில், பொலித்தீன் உறை போதும். பேனை மை நனைந்தால் கரையும், பென்சில் கரையாது. அன்று மாலையே பக்கத்தைப் படமெடுத்து, ஆண்டு-மாதம்-திகதி என்ற ஒழுங்கில் பெயரிட்டுப் பொதுக் கோப்புறையில் போடுங்கள். வாரம் ஒருமுறை மாணவியோ வேறொருவரோ எக்செல் தாளில் ஏற்றட்டும்.

ஒரு பதிவுக்கு ஆறு நிரல்கள்: திகதி, ஆள் எண், செய்த வேலை, அளவு, சான்று (படம், கோப்பு, மின்னஞ்சல்), பதிந்தவர். பங்கின் பெயரைக் களத்தில் எழுத வேண்டாம். "தரவுப் பராமரிப்பு" என்று எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், எழுதினாலும் ஆளுக்கொரு அர்த்தத்தில் எழுதுவார்கள். "2, 4, 5ஆம் இடம், 3 போத்தல், பி.எச். அளந்தேன், மீற்றரை 4, 7 பஃபரில் சரிபார்த்தேன்" என்று இருந்தால் எந்தப் பங்கு என்பதைப் பிறகு யாரும் சொல்லிவிடலாம்.

பதிவேட்டில் வழக்கமாகத் தவறவிடப்படுவது யோசனைகள். உடல் வேலை கண்ணுக்குத் தெரியும், யோசனை காற்றில் போய்விடும். உதாரணமாக:

14.02 — ஆள் 05 — 3ஆம் இடத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. மாசி பங்குனியில் வருடாவருடம் வற்றும் என்றார். மதகுக்குக் கீழே ஊற்று சேரும் இடத்தில் எடுக்கலாம் என்றார். 16.02 குழு ஏற்றது, இடம் மாற்றப்பட்டது.

இந்த நாலு வரி இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்துக் கட்டுரையில் "மாதிரி இடங்கள் பருவகால ஓட்டத்தைக் கருத்திற்கொண்டு தெரிவு செய்யப்பட்டன" என்று ஒரு வாக்கியம் இருக்கும், அந்த இளைஞர் வெறும் போத்தல் தூக்கியவராக இருப்பார். பதிவு இருந்தால் அவருக்கு முறையியலிலும் பங்கு உண்டு.

இன்னொரு எச்சரிக்கை: பதிவை மேற்பார்வையாளர் மட்டும் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் அவரவர் பதிவை அவரவருக்கு வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்குங்கள். கங்காணி மட்டும் பார்க்கும் செக்ரோலில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் படி: வேலையைப் பங்காக மாற்றுதல்

14 பங்குகளும் இவை: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்ப்பு, பகுப்பாய்வு, ஆய்வுச் செயற்பாடு, வளங்கள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு எழுதுதல், மீள்நோக்கித் திருத்துதல், காட்சிப்படுத்தல், மேற்பார்வை, திட்ட நிர்வாகம், நிதி திரட்டல். ஒருவருக்குப் பல பங்குகள் இருக்கலாம், ஒரு பங்கில் பலர் இருக்கலாம். 14உம் நிரம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மென்பொருள் எழுதாத திட்டத்தில் எக்செல் திறந்தவருக்கு மென்பொருள் பங்கு கொடுக்காதீர்கள்.

பாதிப் பங்குகளில் குழப்பமே வராது. தடுமாற வைப்பவை சில.

ஆய்வுச் செயற்பாடும் வளங்களும். பரிசோதனை செய்வதும் தரவு சேகரிப்பதும் ஆய்வுச் செயற்பாடு. மாதிரி, கருவி, இரசாயனம், கணினி வசதி போன்றவற்றைத் தருவது வளங்கள். ஓடையில் இறங்கித் தண்ணீர் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, நேரம் குறித்தவர் தரவு சேகரித்தவர். அவரை 'வளங்கள்' என்ற தலைப்பில் போடுவது பிழை. களவேலையைச் 'சாமான் கொடுத்தல்' ஆக்குவதுதான் அடிக்கடி நடக்கும் அரைப்பேர். பெட்டியை வேனில் பேராதனைக்குக் கொண்டுபோய் இறக்கியதோடு நின்றவருக்குப் பங்கு இல்லை, நன்றியுரை உண்டு.

தோட்ட அலுவலகத்து மழைப்பதிவேடு இன்னும் நுட்பமானது. பல தோட்டங்களில் பல பத்தாண்டுக்கான மழைக்கணக்கு கையெழுத்தில் இருக்கிறது. இருக்கிற ஏட்டைப் பார்க்கக் கொடுத்தது வளங்கள். எழுதுவினைஞர் உங்களோடு உட்கார்ந்து அங்குலத்தை மில்லிமீற்றராக்கி, விட்டுப்போன நாட்களை அடையாளமிட்டு, "இந்த மாதம் மானி உடைந்திருந்தது, இந்த எண்களை நம்பாதீர்கள்" என்று சொல்லி ஒழுங்குபடுத்தித் தந்திருந்தால் அது தரவுப் பராமரிப்பு. பழைய ஏட்டில் ஒவ்வொரு காலையும் எழுதிய, பெயர் தெரியாத கைகளுக்கு எந்தப் பங்கும் பொருந்தாது. நன்றியுரையில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஏட்டின் ஆண்டுகள் ஆகியவற்றையாவது எழுதுங்கள். தோட்டத்தின் பெயரை வெளியிட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

மொழிபெயர்ப்பு. வெளியாகும் கட்டுரையையே கணிசமான அளவில் மொழிபெயர்த்தால் அது 'முதல் வரைவு எழுதுதல்' பங்கில் அடங்கும் என்று நியமத்தின் வரையறையே சொல்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் நம் பக்கத்தில் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் வினாக்கொத்தில்தான் நடக்கிறது, அதற்குத் தனிப்பங்கு இல்லை. எளிய சோதனை: மொழிபெயர்த்ததால் கேள்வி மாறியதா? 'வீட்டுத்தலைவர்' என்ற கேள்வி லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எடுபடாது, ஒரே காம்பராவில் (அறையில்) இரண்டு குடும்பம் இருக்கிறது, கேள்வியைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லி, திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தவர் முறையியலில் பங்கு பெறுகிறார். நேர்காணலில் உடனிருந்து கேட்டு விடை எழுதியவருக்கு ஆய்வுச் செயற்பாடு. கொடுத்ததை அப்படியே மாற்றித் தந்தவருக்கு நன்றியுரையில் "வினாக்கொத்தைத் தமிழாக்கினார்" என்று தெளிவாக எழுதுங்கள், "பல்வேறு உதவிகள்" என்று மங்கலாக்க வேண்டாம்.

மேற்பார்வையும் திட்ட நிர்வாகமும். மேற்பார்வை என்பது ஆய்வை வழிநடத்தும் பொறுப்பும் பழக்கிவிடுதலும். வாகனம் ஒழுங்கு செய்தல், அனுமதிக் கடிதம், வேலை நாட்களைப் பொருத்துதல் ஆகியவை திட்ட நிர்வாகம். நடைமுறையில் இரண்டாவதைச் செய்வது மாணவி, இரண்டும் எழுதப்படுவது விரிவுரையாளருக்கு. பதிவேட்டில் தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

சரிபார்ப்பு. முடிவுகளைத் திரும்பச் செய்து பார்ப்பது இது. எழுத்துப்பிழை பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் பத்து மாதிரிக்கு ஒன்றை இரட்டையாக ஓட்டி ஒப்பிட்டிருந்தால் இந்தப் பங்கு அவருக்கே.

ஒவ்வொரு பங்கிலும் அளவையும் குறிக்கலாம்: தலைமை, சமம், துணை. இது கட்டாயமில்லை, எல்லாச் சஞ்சிகைகளும் அச்சிடுவதுமில்லை. ஆனாலும் உங்கள் பதிவேட்டில் குறித்து வைப்பது நல்லது, வரிசை பற்றிய பேச்சு வரும்போது உதவும்.

ஐந்தாம் படி: யார் ஆசிரியர்

நான்கு நிபந்தனைகள், நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும். ஒன்று, ஆய்வின் கருத்து அல்லது வடிவமைப்பில், அல்லது தரவைப் பெறுவதில், பகுப்பதில், விளக்குவதில் கணிசமான பங்கு. இரண்டு, கட்டுரையை எழுதுதல் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துதல். மூன்று, வெளியாகும் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல். நான்கு, ஆய்வின் எந்தப் பகுதி குறித்துக் கேள்வி எழுந்தாலும் அது தீர்க்கப்படுவதற்குப் பொறுப்பேற்றல்.

நிதி கொண்டுவந்ததோ, பொதுவான மேற்பார்வையோ, திணைக்களத் தலைவராக இருப்பதோ தனியாக நின்று ஆசிரியர் தகுதி தராது. தோட்டத் துரை உள்ளே விட அனுமதித்ததும் அப்படியே. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொறுப்பேற்க முடியாதவை என்பதால் ஆசிரியராக முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கட்டுரையில் சொல்ல வேண்டும்.

இந்த நிபந்தனைகள் களப்பணியாளர்களை வெளியே தள்ளுவதற்கான வேலி ஆகிவிடுவதுண்டு: "அவர் எழுதவில்லையே, இரண்டாவது நிபந்தனை போயிற்று." அதே விதிமுறை, முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எல்லோருக்கும் மற்ற மூன்றிலும் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வரைவையே காட்டாமல் விட்டுவிட்டு "திருத்தவில்லை" என்று ஒருவரை நீக்க முடியாது.

நமது திட்டத்தில் 05ஆம் ஆள் இடத்தேர்வை மாற்றினார், மாதிரிகளில் பாதியை எடுத்தார். அவருக்கு முறை, முடிவுகள், வரைபடம் ஆகிய பகுதிகளைத் தமிழில் விளக்கி, இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பேசுங்கள். "4ஆம் இடத்தில் நைத்திரேற்று கூடியது உரம் போட்டதால் மட்டும் இல்லை, மேலே மாட்டுப்பட்டி இருக்கிறது" என்று அவர் சொல்லி, அது கட்டுரையில் ஏறினால் அது அறிவார்ந்த திருத்தம்தான். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்வது அதற்கு நிபந்தனையல்ல. பேச்சைக் குறித்து, திகதியிட்டு, சான்றாக வையுங்கள்.

அதேவேளை, அன்பளிப்பாகப் பெயர் போடவும் வேண்டாம். பொறுப்பேற்க விரும்பாதவரை ஆசிரியராக்குவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. விளக்கிய பின் "எனக்கு வேண்டாம், நன்றியில் போடுங்கள்" என்றால் அப்படியே செய்யுங்கள்.

ஆறாம் படி: பங்களிப்புக் கூற்று

அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வரைவைச் சுற்றுக்கு விடுங்கள். கூற்றில் முதலெழுத்துகளைப் பயன்படுத்தச் சஞ்சிகை கேட்டால் கவனம்: எட்டுப் பேரில் 'எஸ்.ஆர்.' இரண்டு பேர் இருப்பது நமக்குப் புதிதல்ல. முழுப்பெயர் போட அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். வடிவம் இப்படி இருக்கலாம்:

க. மகேஸ்வரி: கருத்துருவாக்கம் (சமம்), முறையியல் (தலைமை), ஆய்வுச் செயற்பாடு (சமம்), திட்ட நிர்வாகம் (தலைமை), முதல் வரைவு எழுதுதல் (தலைமை). ஆள் 05: முறையியல் (துணை), ஆய்வுச் செயற்பாடு (சமம்), மீள்நோக்கித் திருத்துதல் (துணை).

பல சஞ்சிகைகளில் இதை வேர்ட் கோப்பில் எழுதினால் மட்டும் போதாது, சமர்ப்பிக்கும் தளத்தில் ஒவ்வொருவருக்கும் பெட்டியில் அடையாளமிட வேண்டும். அங்கு இடுவதுதான் இயந்திரம் வாசிக்கும் வடிவில் கட்டுரையோடு போகும். அதை நிரப்புவது சஞ்சிகையோடு தொடர்பு வைத்திருக்கும் தொடர்பாசிரியர் ஒருவரே, அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில். கோப்பில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றும் வருவது இதனால்தான். அடையாளமிட்ட பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, ஒரு நாள் பொறுத்து அழுத்துங்கள். அச்சுப்பிரதி சரிபார்க்க வரும்போது முதலில் பெயர்களையும் பங்குகளையும் பாருங்கள், அட்டவணையைப் பிறகு பார்க்கலாம்.

ஏழாம் படி: நன்றியுரையும் சம்மதமும்

நன்றியுரையில் பெயர் போட எழுத்தில் சம்மதம் வேண்டும். முடிவுகளை அவர் ஆமோதிப்பதாக வாசகர் எண்ணக்கூடும் என்பது ஒரு காரணம். தோட்டத்தில் இன்னொரு காரணமும் உண்டு. கிருமிநாசினி, குடிநீர், சம்பளம் போன்ற விடயங்களில் வரும் கட்டுரையில் ஒரு தொழிலாளியின் பெயர் இருந்தால், அதை நிர்வாகம் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத்தான் தெரியும். முழுப்பெயர், முதலெழுத்து மட்டும், பெயர் வேண்டாம் என்று மூன்று தெரிவுகளைக் கொடுங்கள். கட்டுரை முடிந்த பின் மறுபடி கேளுங்கள். தொடக்கத்தில் சொன்ன ஆம், முடிவுகளைப் பார்த்த பின் இல்லை ஆகலாம்.

ஆய்வுக்குப் பதில் சொன்னவரும் ஆய்வில் வேலை செய்தவரும் ஒரே ஆளாக இருந்தால் நிதானியுங்கள். நேர்காணல் கொடுத்தவரின் அடையாளத்தை மறைப்பதாக நெறிமுறைக் குழுவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதே பெயரை அதே லயத்தோடு சேர்த்து நன்றியுரையில் போட்டால் மறைத்தது வெளிவந்துவிடும். முடிந்தவரை களப்பணியாளர்களைப் பதிலளிப்போர் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எட்டாம் படி: தரவுக்குத் தனி ஆசிரியர்கள்

156 மாதிரிகளின் தரவுத் தொகுப்பை ஸெனோடோ போன்ற களஞ்சியத்தில் இட்டால் அதற்குத் தனி டி.ஓ.ஐ. கிடைக்கும். அதன் ஆசிரியர் பட்டியல் கட்டுரையின் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. தண்ணீர் எடுத்த இருவரும் அங்கே முன்வரிசையில் நிற்கலாம். தரவு சேகரித்தவர், தரவு பராமரித்தவர் என்ற பங்களிப்பாளர் வகைகளும் அங்குண்டு. கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அந்தத் தொகுப்பைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள், இல்லாவிட்டால் அந்தப் பேரும் அரைப்பேர்தான்.

பிரச்சினை வந்தால்

சமர்ப்பித்த பிறகு ஒரு பெயரைச் சேர்க்க, நீக்க, வரிசை மாற்ற, எல்லா ஆசிரியர்களின் எழுத்துச் சம்மதத்தையும் காரணத்தையும் சஞ்சிகைகள் கேட்கும். நீக்கப்படுபவரின் சம்மதமும் அதில் அடங்கும். வெளியான பின் என்றால் திருத்த அறிவித்தல் போட வேண்டும். சஞ்சிகை ஆசிரியர் உங்கள் சண்டையைத் தீர்த்துவைக்க மாட்டார், நிறுவனத்திடம் திருப்பி அனுப்புவார். நிறுவனம் கேட்கும் முதற்கேள்வி "எழுத்தில் ஏதும் இருக்கிறதா?" என்பதாக இருக்கும். முதற்படியின் கையொப்பத் தாளும் மாதாந்த ஒப்பமும் அப்போதுதான் வேலைக்கு வரும்.

இடையில் விலகியவர், கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போனவர் என்றால், ஆள் பதிவேட்டிலுள்ள இரண்டாவது தொடர்பு (உறவினர் எண்) உதவும். மூன்று வழியில் முயன்றும் பிடிக்க முடியாவிட்டால் அந்த முயற்சிகளைத் திகதியோடு எழுதி, சஞ்சிகைக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். பங்களித்தவர் இறந்துவிட்டால் குடும்பத்தாரிடம் பேசி, பெயரை வைத்து அடிக்குறிப்பில் குறிப்பிடச் சஞ்சிகையைக் கேட்கலாம்.

கையில் கொடுக்கும் கடிதம்

கட்டுரை வந்ததும் ஒவ்வொருவருக்கும் நிறுவனத்தின் கடிதத்தாளில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞருக்கு டி.ஓ.ஐ. எண்ணைவிட இதுதான் உடனே பயன்படும். திட்டத்தின் பெயர், தொடங்கிய முடிந்த திகதிகள், எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கை, பழகிய கருவிகள், கிரெடிட் பங்குகளின் பெயர்கள், கட்டுரை அல்லது தரவுத் தொகுப்பின் டி.ஓ.ஐ., கையொப்பமிடுபவரின் பதவியும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும். கட்டுரையில் உள்ள எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டையில் உள்ளதும் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று ஒரு வரி சேருங்கள். கடிதம் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று.